கையை மட்டும் தூக்குங்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தை யாருடைய கோட்டுப் பையிலிருந்தோ விழுந்தது என்று நினைத்து ஓரமாக எடுத்து வைத்துவிடாதீர்கள். சலவைக்கடை முகவரிக்கு உங்களுக்கென்றே எழுதியது. போனில் பேசினால் அண்ணன் எதிரே உட்கார்ந்து உங்கள் முகத்தையே பார்க்கிறான் என்றீர்கள். நீங்கள் "ம்", "இல்ல", "சரி" என்று மட்டும் சொல்ல, நான் கேள்வி மேல் கேள்வி கேட்க, அது போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் இனி கடிதம்தான்.

ஒரு நல்ல செய்தி. என் ஆராய்ச்சிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் அசையாத மனச்சோர்வுக்கு ஒரு காந்தக் கருவி. நோயாளி நாற்காலியில் சாய்ந்துகொள்வார். தலையில் ஒரு கம்பிச் சுருளை வைப்போம். அது மரங்கொத்தி மாதிரி டொக் டொக் என்று தட்டும். பாதிப் பேருக்கு நிஜக் கருவி, பாதிப் பேருக்கு அதே சத்தம் மட்டும் போடும் போலிக் கருவி. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைசியில்தான் பிரித்துப் பார்ப்போம். இங்கே எங்கள் மருத்துவமனையிலும், உங்கள் பக்கத்து நகரத்து மருத்துவமனையிலும் நடக்கப்போகிறது.

எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி பேச வேண்டும் என்பதால் ஹெட்போனில் போடுவதற்கு ஒரு பதிவு தேவைப்பட்டது. காசு கொடுத்துக் கூட்டிவந்த பெண் சோப்பு விளம்பரம் மாதிரி குழைந்தாள். கடைசியில் நானே சாமான் அறைக்குள் போய், சுற்றிலும் கோட்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பேசினேன். "வணக்கம். இன்று எப்படி இருக்கிறீர்கள்? தலையை அசைக்காமல் சாய்ந்துகொள்ளுங்கள். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். ஏதாவது கஷ்டமாக இருந்தால் பேச வேண்டாம், கையை மட்டும் தூக்குங்கள்." எங்கள் துறைத் தலைவர், நாங்கள் பெரியவர் என்று சொல்லும் மனிதர், கேட்டுவிட்டு, "உனக்கு இவ்வளவு மரியாதையா பேச வருமா?" என்றார்.

அண்ணனுக்குத் தூக்கம் எப்படி? பசி? எடை குறைந்திருக்கிறதா? இரவு மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னேனே, ஆக்கினீர்களா? எல்லாவற்றையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 25

டாக்டரம்மாவுக்கு,

இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. பாதி வீடு நலம் என்று வைத்துக்கொள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா?

தூக்கம் விடியும்போதுதான் வருகிறது. பசி என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை, வைத்தால் சாப்பிடுகிறார். மாத்திரை பாதியாக்கியாச்சு. அதே சாம்பல் நிற ஸ்வெட்டர். ஊர் துணியெல்லாம் வெளுக்கிறேன், அதைக் கழற்றி வாங்க என்னால் முடியவில்லை.

எதிர்க் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய் இரண்டு வாரமாகிறது. காவலாளி வந்து, "அண்ணே, நீங்க ஒரு தடவை பாத்தா போதும்" என்று கெஞ்சினான். உன் அண்ணன் ஊரிலுள்ள பாதி லிஃப்டுகளைத் தொட்டவர். ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்டே எந்தச் சக்கரம் என்று சொல்லிவிடுவார். "கை வரலப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவன் போன பிறகு அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். மருந்தெல்லாம் ஆயிற்று. மின்சிகிச்சையும் ஆயிற்று, அந்த மூன்று மாதம் நன்றாக இருந்தார், பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. உன் கருவி பக்கத்து நகரத்துக்கே வருகிறது. பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். இவரைச் சேர்த்துக்கொள்ளேன்.

பதிலை எதிர்பார்த்து,
அண்ணி


மார்ச் 7

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்திருந்தேன்.

முடியாது அண்ணி. ஆராய்ச்சி செய்பவரின் சொந்தக்காரர்கள் சேரக்கூடாது என்று விதி. அந்த விதியை எழுதியதே நான்தான். அவன் உள்ளே இருந்தால் நான் எண்களை நேராகப் பார்க்க மாட்டேன். ஒவ்வொரு எண்ணிலும் அவன் முகத்தைத் தேடுவேன். அதோடு, அவனுக்குப் போலிக் கருவி விழுந்தால்? தினமும் பஸ் ஏறி வந்து வெறும் சத்தத்துக்குத் தலையைக் கொடுத்துவிட்டுப் போவான். அதை என்னால் தாங்க முடியாது.

இந்தத் துறைக்கு நான் யாருக்காக வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். கருவி வேலை செய்கிறது என்று நிரூபித்துவிட்டால் மறுநாளே முதல் நாற்காலி அவனுக்குத்தான். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
நாத்தனார்


ஏப்ரல் 28

டாக்டரம்மாவுக்கு,

சௌக்கியம். கோபமெல்லாம் இல்லை, கடையில் வேலை அதிகம். அதனால்தான் இவ்வளவு தாமதம்.

அவர் அப்படியேதான் இருக்கிறார்.

எனக்குக் கடையில் நேரத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது மதியத்துக்கு மேல்தான் போகிறேன். காலையில் வீட்டில் போன் எடுக்கவில்லையென்றால் பதறாதே, கடைகண்ணிக்குப் போயிருப்பேன். சும்மா ஒரு சந்தேகம்: தலைவலி வந்தால், அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகளோடு என்ன கொடுக்கலாம்?

உன் கையெழுத்து ஏன் வரிக்கு வரி கீழே இறங்குகிறது? மேசையில் வைத்து எழுது.

அண்ணி


மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

நலமே. மேசையில் இடமில்லை, மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன். வீட்டுக்குப் போவதே குறைந்துவிட்டது. காசு போட்டால் பிஸ்கட் விழும் இயந்திரம் ஒன்று மாடிப்படியில் இருக்கிறது, இப்போதைக்கு அதுதான் எனக்குச் சமையல்காரர்.

தலைவலி அவனுக்கா, உங்களுக்கா? சாதாரண வலி மாத்திரையே போதும். வேறு புது மாத்திரை எதுவும் யாரும் கொடுக்கவில்லையே?

ஒன்று சொல்லட்டுமா? உங்கள் பக்கத்து நகரத்தில் எங்கள் நோயாளி ஒருவர். பெயரெல்லாம் எனக்குத் தெரியாது, எண் மட்டும்தான் வரும். வந்தபோது மதிப்பெண் மிக மோசம். ஆறு வாரத்தில் கிட்டத்தட்ட நலமாகிவிட்டார். கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, அங்கிருந்த டாக்டரிடம் "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாராம். குறிப்பில் அதையும் எழுதியிருந்தார்கள். நிஜக் கருவிதான், சந்தேகமே இல்லை. சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் முகம் தெரியாத அந்த மனிதர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது அண்ணி. என் அண்ணன் அங்கே ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறான், யாரோ ஒருவர் எழுந்து நடந்து போகிறார்.

அவன் எப்படி இருக்கிறான்? இரண்டு வரியில் முடிக்காதீர்கள்.

அன்புடன்,
நாத்தனார்


ஜூன் 8

டாக்டரம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீ பிஸ்கட்டை விட்டுவிட்டு ஒரு வேளையாவது சோறு தின்னு.

அவர் அப்படியேதான். அப்படியே என்றால் அப்படியே, இதில் நீட்டி எழுத என்ன இருக்கிறது. எதிர்க் கட்டட லிஃப்ட் ஓடுகிறது. யாரோ சரிசெய்துவிட்டார்கள்.

உன் நோயாளியைப் பற்றி எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். அவர் மேல் பொறாமைப்படாதே, கண் பட்டுவிடும்.

நீ எப்போது வருகிறாய் என்று அவர் கேட்டார். கேட்கவில்லை, கேட்பார் என்று எனக்குத் தோன்றியது. நீ இங்கே வந்து எட்டு வருடமாகிறதே, தோன்றாதா?

அண்ணி


ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்டு முடிக்கக்கூடப் பொறுமையில்லை. நேற்று பிரித்துப் பார்த்துவிட்டோம். எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

நிஜக் கருவிக்காரர்களில் பலர் தேறியிருக்கிறார்கள். போலிக்காரர்களிலும் சிலர் கொஞ்சம் தேறியிருக்கிறார்கள், அது எப்போதும் நடப்பதுதான். ஆனால் உங்கள் பக்கத்து நகரத்து அந்த மனிதர், நான் எழுதினேனே, டாக்டரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டவர், அவருக்கு வைத்தது போலிக் கருவி! வெறும் சத்தம்! இது சின்ன ஆராய்ச்சி, ஆட்கள் குறைவு. அந்த ஒருவரைக் கணக்கில் வைத்தால் கருவி வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. அவரை எடுத்துவிட்டால் தாராளமாகச் சொல்லலாம். ஒரே ஒரு ஆள் ஆறு வருட உழைப்பின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

பெரியவரிடம் போனேன். "எடுக்கக் காரணம் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப வச்சுக்க" என்றார். வைத்துக்கொண்டால் அடுத்த கட்டத்துக்கு யாரும் பணம் தர மாட்டார்கள், அண்ணனுக்கு நாற்காலியும் கிடையாது. இரவெல்லாம் அந்த முகம் தெரியாத மனிதரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். நீ எப்படி ஐயா தேறினாய்? எந்த உரிமையில் தேறினாய்?

இதை உங்களிடம்தான் கொட்ட முடியும்.

நாத்தனார்


ஆகஸ்ட் 30

டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே பிரித்தேன். வாடிக்கையாளர் ஒருவர் ரசீதை நீட்டிக்கொண்டு நிற்கிறார், எனக்கு அவர் சொல்வது காதில் விழவில்லை. அவர் கோட்டைக் கொண்டுபோய் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

நீ சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அந்த மனிதர் உன் அண்ணன்.

திட்டு. திட்டி முடித்துவிட்டு மேலே படி. நீ முடியாது என்று எழுதிய வாரமே நாங்கள் போய்ப் பேர் கொடுத்துவிட்டோம். "இங்க வேலை செய்றவங்க யாராவது உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார்கள். "இங்க யாரும் இல்ல" என்றார் இவர். பொய் இல்லை பார், நீ அங்கேதானே இருக்கிறாய்! உன்னிடம் சொன்னால் நீ நிறுத்திவிடுவாய். எல்லாம் முடிந்து, நன்றாக ஆனதும், திடீரென்று வந்து உன் முன்னால் நிற்பது என்று இரண்டு பேரும் திட்டம் போட்டிருந்தோம். அதனால்தான் அப்படியே இருக்கிறார், அப்படியே இருக்கிறார் என்று எழுதிக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டட லிஃப்டைச் சரிசெய்தது அவர்தான். ஸ்வெட்டரைத் தானே கொண்டுவந்து என் கடை மேசையில் போட்டார்.

இப்போது அடுத்த கவலை. செப்டம்பர் கடைசியில் எல்லோரையும் கூப்பிட்டு யாருக்கு எந்தக் கருவி என்று சொல்வார்களாம். இவர் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். "என் தங்கச்சி மெஷின்" என்று காவலாளியிடம்கூடப் பெருமையடிக்கிறார். அது வெறும் சத்தம் என்று தெரிந்தால் என்ன ஆவார்? போகவிடட்டுமா, தடுக்கட்டுமா? வீட்டுக்கு வேண்டாம், கடைக்குப் போன் செய், இல்லை எழுது. சீக்கிரம்.

அண்ணி


செப்டம்பர் 22

டாக்டரம்மாவுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரரைக் கடை வாசலிலேயே மடக்குகிறேன், அவர் இப்போது என்னைப் பார்த்தால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறார்.

உனக்கும் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நான் அவரைத் தடுக்கப்போவதில்லை. தடுத்தால் ஏன் என்று கேட்பார். எனக்கு இதற்கு மேல் பொய் வராது.

உன் உடம்பு நன்றாக இருக்கிறதா? அதையாவது எழுது.

அண்ணி


அக்டோபர் 5

அன்புள்ள அண்ணிக்கு,

மன்னித்துவிடுங்கள். கடைக்குப் பல தடவை போன் செய்தேன். நீங்கள் "ஹலோ, சலவைக்கடை" என்றதும் வைத்துவிட்டேன். என்ன சொல்வது? போகச் சொன்னால் அவன் திரும்பவும் விழலாம். போக வேண்டாம் என்றால் நானும் அவனை ஏமாற்றுகிறேன். இது போன்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

முதலில் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அண்ணன் தேறிவிட்டான் என்று தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த கையோடு, சொந்தக்காரன் என்றால் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமே, ஆராய்ச்சி ஜெயித்துவிடுமே என்று புத்தி கணக்குப் போட்டது. எந்தச் சந்தோஷத்தில் அழுதேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பெரியவரிடம் உண்மையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஒரு எண் பிடிக்கலைன்னா அதை அண்ணன்னு சொல்லிடறதா?" என்றார். பிறப்புச் சான்றிதழ்களையெல்லாம் காட்டி நிரூபித்தேன். ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுத்த கமிட்டி மூன்று தடவை கூடியது. கடைசியில் அவனை வைத்து ஒரு முடிவு, எடுத்து ஒரு முடிவு, இரண்டையும் போட்டு, ஏன் இரண்டு என்ற காரணத்தையும் எழுதச் சொல்லிவிட்டார்கள். அடுத்த கட்டம் நடந்தால் வேறொருவர் பார்ப்பார். நானே குழம்பிவிட்டேன், படிப்பவர்கள் குழம்பினால் என்ன!

அவனிடம் சொல்லிவிட்டார்களா? எப்படி இருக்கிறான்? தூங்குகிறானா? சாப்பிடுகிறானா? மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம்.

நாத்தனார்


அக்டோபர் 20

ஏய் வாலு,

உன் அண்ணி கடிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டாள். இனிமேல் கடை முகவரி கிடையாது. நான் உயிரோடு, ஓரளவு நலமாக, மேசையில் வைத்து எழுதுகிறேன்.

சொல்லிவிட்டார்கள். அந்த டாக்டர் நல்ல மனிதர், அரை மணி நேரம் சுற்றி வளைத்தார். பஸ்ஸில் வரும்போது எனக்கு யாரோ பையிலிருந்து பர்ஸை உருவியது போல இருந்தது. வீட்டுக்கு வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நாள் மோசமாகத்தான் போயிற்று. உன் அண்ணி சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், எனக்குக் கேட்காது என்று நினைப்பு. பிறகு ஒரு காலையில் எதிர்க் கட்டட லிஃப்ட் கிறீச்சிட்டது. பெட்டி ஏறி இறங்கும் தண்டவாளத்துக்கு எண்ணெய் போடவில்லை. எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்தேன். ஏன் எழுந்தேன் என்று கேட்காதே, தெரியாது.

இதை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். உன் அண்ணிக்குக்கூடத் தெரியாது, அவள் வெளியே வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்பாள். முதல் நாள் ஹெட்போனை மாட்டினார்கள். "வணக்கம். இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்கிறாய் நீ! பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து என்னை வாடா போடா என்றவள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை காலத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு தெரியுமா? கருவி இயக்குகிற பெண், "தலையை ஆட்டாதீங்க சார்" என்று அதட்டினாள்.

மறுநாளும் கேட்டாய். நான் வாய்க்குள்ளேயே பதில் சொன்னேன், "நல்லா இல்லடி" என்று. அதற்கு மறுநாளும் சொன்னேன். அந்தப் பெண் நான் பிரார்த்தனை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நடுநடுவே நீ, "நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்" என்பாய். லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டால் நாங்களும் அதைத்தான் சொல்வோம். "பயப்படாதீங்க, நான் வெளியிலதான் நிக்கிறேன், பேசிக்கிட்டே இருங்க." பேச்சு யாரையும் வெளியே எடுக்காது, கையால் சக்கரத்தைச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். ஆனால் பேச்சை நிறுத்தினால் உள்ளே இருப்பவர்கள் கதவை உடைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

உடனே பேனாவை எடுத்து, குரல்தான் மருந்து என்று எழுதிவிடாதே. எனக்கு அடுத்து வரும் பள்ளிக்கூட டீச்சருக்கும் அதே குரல்தான். அவர் வரும்போதும் அழுவார், போகும்போதும் அழுவார். தினமும் குளித்துச் சட்டை மாற்றிப் பஸ் ஏறியதாலா, உன் அண்ணி ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்ததாலா, மாத்திரை இப்போதுதான் விழித்துக்கொண்டதா, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரிகிற வரைக்கும் நீ வேலையை விடாதே, யார் தலைமை தாங்கினால் என்ன.

ஆனால் ஒரு குறை இருக்கிறது எனக்கு. எட்டு வருடமாக என் தூக்கத்தையும் பசியையும் எடையையும் அண்ணியிடம் கேட்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் என்ன பதில் சொல்வேனோ என்று பயந்தாய், அது எனக்குத் தெரியும். அந்தப் பதிவில்தான் முதல்முறையாகக் கேட்டாய், அதுவும் ஊருக்கெல்லாம் சேர்த்து.

சரி, இப்போது என் முறை. உன் கடிதங்கள் முழுவதையும் அண்ணியிடம் வாங்கிப் படித்தேன். கையெழுத்து கீழே இறங்கிக்கொண்டே போகிறது. தரையில் உட்கார்ந்து அழுதேன் என்கிறாய், இரவெல்லாம் சண்டை என்கிறாய், பிஸ்கட் என்கிறாய். அதனால் கேட்கிறேன். அண்ணிக்கு எழுதாதே, எனக்கு எழுது. மருந்துப் பெயர் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

வணக்கம். இன்று எப்படி இருக்கிறீர்கள்?

அண்ணன்


நவம்பர் 6

டேய் அண்ணா,

நலம் என்று ஆரம்பித்து, அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்தேன். அப்படி நான்கைந்து தாள்கள் போயின.

நோயாளிகளிடம் கேட்கும் கேள்விகளையெல்லாம் நேற்று என்னிடமே வரிசையாகக் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்தது, மதிப்பெண்ணை மட்டும் கூட்டவில்லை. போன வாரம் ஒரு நாள் மருத்துவமனை வாசல்வரை போய், கதவைத் திறக்கக் கை வராமல் திரும்பி வந்துவிட்டேன். நீ காவலாளியிடம் சொன்னாயே, அதே கைதான். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. உன்னை ஏன் நேராகக் கேட்கவில்லை என்பதற்கு நீ எழுதிய காரணம் சரி. பயம்தான்.

நாளைக்குப் பெரியவரிடம் போய்ச் சொல்லப்போகிறேன். வேலையாக அல்ல, நோயாளியாக. அதற்கு முன்னால் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் நல்லா இல்லடா. பேச வேண்டாம் என்று பதிவில் சொன்னது நான்தான், அதனால் இதற்கு மேல் எழுதவில்லை. கையைத் தூக்குகிறேன். அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா.

வாலு